பதினேழு எழுத்து

புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
வைக்கோல் லாரிகள் வரிசை கட்டும் இடத்துக்கு எதிரே என் ஷெட்.
'ஆட்டோ எலக்ட்ரிக்கல்' என்ற பலகையில்
ஓர் எழுத்து போன ஆனியில் காற்றோடு போயிற்று.

லிஜி வந்தது இரவு ஷிப்ட் முடிந்து.
தென்காசியில் நர்ஸ். வீடு கழுதுருட்டி.
தினம் இரண்டு முறை மலையைக் கடக்கிற சிவப்பு வண்டி,
அவள் மூன்றாவது சொந்தக்காரி.

"ஈ லைட்டு போகுந்நில்ல சேட்டா" என்றாள்.
புனலூரில் இரண்டு சென்சார் மாற்றினார்கள்.
செங்கோட்டையில் பிரேக் ஆயில் மாற்றினார்கள்.
மீட்டரில் அந்த மஞ்சள் வட்டம் மட்டும்
வாங்கிய காசுக்கு விசுவாசமாக எரிந்தது.

"எப்போ எரியுது?"
அதை யாரும் கேட்டதில்லை போல. யோசித்தாள்.
வீட்டில் எடுக்கும்போது இல்லை.
ஆரியங்காவு ஏறி முடித்தால் வரும்.
நல்ல மழை என்றால் கொஞ்சம் தாமதித்து வரும்.

அப்படியென்றால் சூடு.
குளிரில் ஒட்டிக்கொண்டு
சூட்டில் விட்டுப்போகிற ஏதோ ஒன்று.

ஸ்கேனர், பம்பு மோட்டார் என்றது.
கோடு என்பது புகார்தான்; தீர்ப்பு இல்லை.
ஃப்யூஸ் பார்த்தேன், நாற்பது ஆம்பியர், முழுசாக இருந்தது.
எர்த் வயரின் இரு முனையிலும் மீட்டர் வைத்தேன், இழப்பில்லை.
மோட்டாருக்கு நேரே பேட்டரி கொடுத்தேன்,
கர்ரென்று திட்டிக்கொண்டே சுற்றியது.

பக்கத்து சலூனில் மாடசாமியிடம் ஹேர் டிரையர் வாங்கி
கன்ட்ரோல் பெட்டியின் முதுகில் காட்டினேன்.
நாலு நிமிஷம்.
வந்தது மஞ்சள்.
லிஜி சிரித்துவிட்டாள், மூன்று மாதத்தில் முதல்முறையாக
அதைப் பார்த்துச் சிரித்தேன் என்றாள்.

புதுசு அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.
பழசு, உக்கடத்திலிருந்து பார்சல் பஸ்ஸில்
நேந்திரங்காய் சிப்ஸ் அட்டைப்பெட்டிக்குள் வந்தது.
நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஆறு.
பிரேக் பைப்பைத் தொடவில்லை, ஒரு சொட்டு ஆயில் சிந்தவில்லை.
பழையதைக் கழற்றி, வந்ததை அதே இடத்தில் உட்காரவைத்து
சாவியைத் திருப்பினேன்.

விளக்கு அணையவில்லை.
நீ யார் என்று ஸ்கேனரில் கேட்டேன்.
அது வேறொரு வண்டியின் சேஸிஸ் நம்பரைச் சொன்னது,
பதினேழு எழுத்தும் பிசகாமல்.
அதற்கும் கீழே நினைவில் ஒரே ஒரு பதிவு:
வேகம் எழுபத்தொன்று.
பிரேக் மிதிபட்டிருக்கிறது.
முன் வலது சக்கரம், சுழி.
ஓடியது நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஆறு கிலோமீட்டர்.
பிறகு ஒரு வரியும் இல்லை.

லிஜி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்,
கட்டில் காலில் தொங்கும் சார்ட்டைப் படிக்கிற கண்ணோடு.
"டைம் இல்லே?"
"டைம் எழுதாது. கிலோமீட்டர்தான்."
நான் விரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது.
வெளியே ஒரு லாரிக்காரன் சீட்டுக்காகக் கத்தினான்.

அவள்தான் சொன்னாள்:
"அடுத்த ஆள் வரும் முன்பு விரிப்பு மாத்தணும். அமர்த்து சேட்டா."

அமர்த்தினேன்.
அவளுடைய பதினேழையும் ஒவ்வொன்றாக அடித்தேன்;
பூஜ்ஜியமா எட்டா என்று ஓரிடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மாலை எஸ் வளைவில் தூறல்.
நல்ல நேரான துண்டாகப் பார்த்து, பின்னால் யாருமில்லை என்று பார்த்து,
மிதி என்றேன்.
மிதித்தாள். பாதத்துக்கடியில் தவளைக் கூட்டம் துள்ள,
அலறிக் காலை எடுத்தாள்.
"எடுக்காதே. உதைத்தால் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."
இரண்டாம் முறை எடுக்கவில்லை.
வண்டி நேராக நின்றது.

இப்போது சாவி போட்டதும் மஞ்சள் வரும், வரவேண்டும்.
ஒந்நு, ரண்டு என்று எண்ணுகிறாள்.
மூன்றுக்கு முன் போய்விடுகிறது.

அவள் பழைய பெட்டி என் அலமாரியில் கிடக்கிறது.
ஓய்ந்த நாளில் திறந்து ஈயம் வைத்தால் பிழைக்கும்,
யாராவது வாங்குவார்கள், கேட்டால் முதலில் அவள் நம்பரைத்தான் சொல்லும்.
மாடசாமி இரண்டு தடவை வந்து
ஹேர் டிரையரைக் கேட்டுவிட்டான்.